இரண்டு பாக்கெட் வைத்த பழுப்புச் சட்டை

அன்புள்ள அப்பா,

இன்று காலை இஸ்திரிக்குப் போட்ட துணிகளை அமுதா கொண்டுவந்து கொடுத்தாள். நம் தெருமுனையில் வண்டி போட்டிருக்கும் அதே அமுதாதான். மூட்டையைப் பிரித்தபோது உங்கள் மருமகள் ஹெலனின் சேலைகளுக்கு நடுவே ஒரு பழுப்புச் சட்டை இருந்தது. அரைக்கை. இஸ்திரிப் பெட்டியின் சூடு ஆறாமல், கரி வாசனையும் துணி வாசனையும் கலந்து வந்தது. வேறு யார் வீட்டுச் சட்டையோ மாறி வந்திருக்கிறது, அவ்வளவுதான். அது தெரிந்தும் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதைத்தான் எடுத்தேன். கையில் எடுத்ததும் பாக்கெட்டைத்தான் பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது. உங்களுக்கு இரண்டு வேண்டும்.

அந்த நிமிடமே செருப்பு மாட்டிக்கொண்டு போய் அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். அந்த வீட்டில் இதைத் தேடிக்கொண்டிருப்பார்கள், சீக்கிரம் கொடுத்துவிடு என்றேன். நான் ஏன் மூச்சிரைக்க வந்து நிற்கிறேன் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"சட்டை எங்க சார் ஓடிடப்போவுது" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் வேறு வேலை ஓடவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்களிடம் நான்கு சட்டைகள் இருந்தன. நான்கும் ஒரே பழுப்பு, ஒரே அளவு, ஒரே தையல். பல்லாவரத்துத் தோல் கம்பெனியில் முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டோர் பார்த்தீர்கள். தோலின் சாயம் எங்கே பட்டாலும் ஒட்டிக்கொள்ளும், வெளிர் நிறச் சட்டை ஒரு நாள் தாங்காது, அதனால் பழுப்பு. இடது பாக்கெட்டில் மூக்குக்கண்ணாடி, வலது பாக்கெட்டில் சின்ன நோட்டும் பேனாவும். ஓய்வு பெற்ற பிறகு சாயமும் இல்லை, ஸ்டோரும் இல்லை. சட்டை மட்டும் மாறவில்லை. ஒன்று கிழிந்தால் அதே துணியைத் தேடிப் போய் எடுத்து, அதே மாதிரி தைத்துப் போட்டுக்கொள்வீர்கள்.

அம்மா இருந்தவரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உங்களுக்கு ஒரு வெள்ளைச் சட்டை எடுத்துவிடுவாள். அதைப் போட்டுக்கொண்டு ஆலயத்துக்கு வருவீர்கள். ஆராதனை முடியும்வரை காலருக்குள் விரலை விட்டுக் கழுத்தைத் திருகிக்கொண்டே இருப்பீர்கள். வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பே பழுப்புக்கு மாறிவிடுவீர்கள். நான் ஒருமுறை கேலி செய்தபோது, "சட்டை பழகணும்டா, செருப்பு பழகற மாதிரி. பழகாத சட்டைக்குள்ள நான் விருந்தாளி மாதிரி உக்காந்திருக்கணும்" என்றீர்கள். அப்போது சிரித்தேன்.

அம்மா போன பிறகு மறதி வந்தது. முதலில் சாவி, கண்ணாடி. பிறகு நாள், கிழமை. பிறகு பக்கத்து வீட்டுக்காரர் பெயர். ஒரு நாள் ஷீபாவைப் பார்த்து, நீ எந்த வகுப்பு படிக்கிறாய் என்று கேட்டீர்கள். உங்கள் பேத்தி அப்போது வேலைக்குப் போக ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனால் காலையில் குளித்துவிட்டு வந்து அலமாரியைத் திறந்து, பழுப்புச் சட்டையை எடுத்து, கீழிருந்து மேலாகப் பொத்தான் போடுவதில் மட்டும் ஒரு தவறும் வந்ததில்லை. டாக்டர் அதைக் கேட்டுத் தலையாட்டினார். பழகிய துணியை மாற்றாதீர்கள் என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கினேன். மனதில் வாங்கவில்லை.

நீங்கள் அவ்வப்போது சொல்லாமல் வெளியே கிளம்பிவிடுவீர்கள். அதற்கும் நாங்கள் பெரிதாகப் பயந்ததில்லை. சேலையூரில் நம் தெரு முடியும் இடத்தில் டீக்கடை மணி இருந்தான். உங்கள் பெயர் அவனுக்குத் தெரியாது. பிரவுன் சட்டைப் பெருசு என்றுதான் சொல்வான். பிரவுன் சட்டை தனியாகத் தெருவைத் தாண்டினால் கையைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு எனக்குப் போன் செய்வான். நான்கைந்து முறை அப்படி உங்களை அழைத்துவந்திருக்கிறேன்.

இனி எழுதப்போவதை நீங்கள் இருக்கும்போது நான் உங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் உங்களுக்குத் தங்கியிருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஷீபாவின் நிச்சயதார்த்தம் சனிக்கிழமை. வியாழக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் படப்பையிலிருந்து பேச வந்தார்கள். அவர்கள் காரை விட்டு இறங்கும்போது நீங்கள் கேட் அருகே நின்றிருந்தீர்கள். காலர் நைந்து நூல் தொங்கும் சட்டை. கையில் எதற்கோ துடைப்பத்தை எடுத்து வைத்திருந்தீர்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா உள்ளே வந்து உட்கார்ந்து, காபியை வாங்கிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"வாட்ச்மேன் ரொம்ப வயசானவரா இருக்காரே, எத்தனை வருஷமா வெச்சிருக்கீங்க?"

அவர் மேல் தப்பில்லை, அப்பா. தெரியாமல் கேட்டார். தப்பு எனக்குத்தான். "அவர் எங்க அப்பா" என்று சொல்வதற்கு எனக்கு ஒரு விநாடி ஆயிற்று. அந்த விநாடியில் நான் சிரித்தேன். பிறகுதான் சொன்னேன். அவர் எழுந்து வந்து உங்கள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். ஆலயத்தில் எல்லோருக்கும் சொல்வது போல நீங்கள் அவருக்கு ஸ்தோத்திரம் சொன்னீர்கள். விஷயம் அதோடு முடிந்தது. எனக்குத்தான் முடியவில்லை.

மறுநாள் காலை நீங்கள் குளிக்கப் போனதும் நான்கு சட்டைகளையும் ஒரு துணிப்பையில் திணித்தேன். ஹெலன் தடுத்துப் பார்த்தாள். நாளை ஒரு நாள் மட்டும் புதுச்சட்டை போட்டுவிட்டால் போதாதா என்றாள். வீட்டில் இது இருந்தால் வேறெதையும் போட மாட்டார் என்றேன். ஆலயத்தில் பெண்கள் ஐக்கியச் சகோதரிகள் பெரும்பாக்கம் குடியிருப்புக்குக் கொண்டுபோகப் பழைய துணி சேகரித்துக்கொண்டிருந்தார்கள். பைக்கில் போய் அவர்களிடம் பையைக் கொடுத்துவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பினேன். நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதிகூட இருந்தது.

நீங்கள் பனியனோடு அலமாரி முன் நின்றிருந்தீர்கள். ஒரு கை காலியான தட்டின் மேல் இருந்தது.

நிச்சயத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த முழுக்கைச் சட்டையை உங்களுக்குப் போட்டுவிட்டேன். வெளிர் ஊதா. ஒரு நாள் முன்பே போட்டால் பழகிக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் குழந்தை மாதிரி கையை நீட்டினீர்கள். பிறகு வலப்பக்க மார்பில் பாக்கெட்டைத் தேடித் தடவினீர்கள்.

"இது யாருது?"

"உங்களுதுதாம்பா. புதுசு."

"இல்ல. இது வேற யாருதோ. அவங்க தேடுவாங்க."

கோபமே இல்லாமல் சொன்னீர்கள். அதுதான் இன்னும் என்னைப் பிய்க்கிறது.

அன்று வீட்டு முகப்பில் சீரியல் லைட் கட்ட ஆட்கள் வந்திருந்தார்கள். கேட் திறந்தே கிடந்தது. பதினோரு மணி வாக்கில் ஹெலன் உங்களுக்கு ஹார்லிக்ஸ் கலந்து எடுத்துக்கொண்டு போனாள். அறையில் நீங்கள் இல்லை. மாடியில் இல்லை. பின்பக்கம் இல்லை.

நான் மணியின் கடைக்குத்தான் முதலில் ஓடினேன். உங்களை பெஞ்சில் உட்கார வைத்திருப்பான் என்று நம்பிப் போனேன். பெஞ்சில் யாரும் இல்லை.

"இன்னா சார் ஆச்சு? பெருசா? வர்லியே சார்" என்றான். பிறகு ஏதோ உறைத்த மாதிரி டீ வடிகட்டியைக் கீழே வைத்தான். "ஒரு பெரியவரு போனாரு சார், புதுச் சட்டை போட்டுக்கினு. யாரோ கல்யாணத்துக்குப் போறாருன்னு விட்டுட்டேன். பிரவுன் சட்டையா இருந்தா நிறுத்திருப்பேன் சார்."

அவன் சொன்னது குற்றச்சாட்டு இல்லை. அவன் அழுகிற நிலைமையில் இருந்தான். உங்களை இந்த ஊருக்குத் தெரிய வைத்தது எதுவோ அதை நான்தான் உங்கள் உடம்பிலிருந்து உருவி எடுத்திருக்கிறேன். அந்தச் சட்டை இல்லாமல் நீங்கள் நம் தெருவிலேயே வெளியூர்க்காரர் ஆகிவிட்டீர்கள்.

காவல் நிலையத்தில் ஒரு பெண் காவலர் பொறுமையாக எழுதிக்கொண்டார். போட்டோ கேட்டார். என் போனில் இருந்த எல்லாப் படத்திலும் நீங்கள் பழுப்பில் இருந்தீர்கள். இதே சட்டையா என்றார். இல்லை என்றேன். என்ன சட்டை என்றார். வெளிர் ஊதா, முழுக்கை. கட்டம் போட்டதா, கோடு போட்டதா, பிளெயினா என்று கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. கடையில் நானே எடுத்த சட்டை, காலையில் நானே பொத்தான் போட்டுவிட்ட சட்டை. கண்ணை மூடிப் பார்க்கிறேன், பழுப்புதான் வருகிறது. ஹெலனுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னேன். மெல்லிய கோடு.

"போட்டோவுல இருக்கற சட்டை இல்லன்னா முகத்தைப் பாத்துதான் கண்டுபிடிக்கணும் சார்" என்றார் அவர். "கூட்டத்துல யார் சார் முகத்தைப் பாக்கறாங்க?"

அங்கிருந்து ஏரிக்கரைக்குப் போனேன். ஏன் போனேன் என்று எழுத எனக்கு இப்போதும் கை வரவில்லை. நீர் தெரியாமல் ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. கரையை ஒட்டி ஓரிடத்தில் இலைகளுக்கு நடுவே வெளிர் ஊதாவாகத் தெரிந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து கிட்டே போய்ப் பார்க்கும் தைரியம் வர எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. அது பூ, அப்பா. ஆகாயத்தாமரைக்கு அந்த நிறத்தில் பூக்கும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். அன்றைக்கு அது மறந்து போயிருந்தது.

ஷீபா ஆபீசிலிருந்து பாதியில் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சட்டைகளைக் கொடுத்துவிட்ட கதையை ஹெலன் அவளிடம் சொல்லியிருந்தாள். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. போனில் கேட்டாள்:

"தாத்தா சட்டைத் துணி எங்க எடுப்பாரு, ஞாபகம் இருக்கா உங்களுக்கு? பல்லாவரம் சந்தை. வெள்ளிக்கிழமைதானே சந்தை? இன்னிக்கு வெள்ளிக்கிழமைப்பா. சட்டை தேடித்தான் போயிருப்பாரு."

தாம்பரத்தில் மின்சார ரயிலைப் பிடித்தேன். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம். மூன்றாவது நிறுத்தம்தான். முப்பது வருடம் நீங்கள் போய்வந்த பாதை. பெயர்கள் மறந்தாலும் கால்கள் மறக்காமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எதிர் நடைமேடையில் ஊதாவைத் தேடினேன்.

சந்தையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செடித் தொட்டிகள், பழைய மின்விசிறிகள், புறாக்கூண்டுகள், துணிக்குவியல்கள். நகர இடமில்லை. உலகத்தில் இத்தனை பேர் ஊதா உடுத்துகிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. ஒருவரைத் தோளைத் தொட்டுத் திருப்பினேன், அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. பிறகு பழைய துணி விற்கும் இடத்தில், கயிற்றில் தொங்கிய சட்டைகளுக்கு நடுவே, மெல்லிய கோடு போட்ட வெளிர் ஊதா முழுக்கைச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கை மடிப்புகூட நான் மடித்துவிட்டது போலவே இருந்தது.

சட்டையைச் சுட்டிக்காட்டினேன். கடை போட்டிருந்த அம்மா நான் விலை கேட்கிறேன் என்று நினைத்தாள். நான் உங்கள் படத்தைக் காட்டினேன்.

"இவுருதான் குடுத்தாரு" என்றாள். "இன்னா பெரியவரே, புதுசு இது, நீயே வெச்சுக்கோன்னு சொன்னேன். இது என்னுது இல்லம்மான்னு கயட்டிக் குடுத்துட்டாரு. குவியலக் கிளறி ஒண்ணு எடுத்துப் போட்டுக்கினு போனாரு. மண்ணு கலரு. ரெண்டு பாக்கெட்டு."

எந்தப் பக்கம் போனார் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. போய் ஒரு மணி நேரம் இருக்கும் என்றாள். ஆனால் எனக்கு அதற்குள் கொஞ்சம் மூச்சு வந்துவிட்டது. எதைத் தேடவேண்டும் என்று தெரிந்துவிட்டதே. பழுப்பைத் தேடுவதற்கு என் கண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீங்கள் கம்பெனி வாசலில் இருந்தீர்கள். கம்பெனி இப்போது இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. பழைய மதில் சுவரில் ஒரு பகுதி மட்டும் மீதி நிற்கிறது. அதன் நிழலில், முதுகை நேராக வைத்து, யாரோ கூப்பிடக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தீர்கள். யாரோ உடுத்திய பழுப்புச் சட்டை. பாக்கெட்டுக்கு மேல் ஏதோ கம்பெனிப் பெயரைப் பிரித்தெடுத்த தையல் துளைகள். கண்ணாடி இடது பாக்கெட்டில் சரியாக இருந்தது.

நிச்சய வேலைகளுக்கென்று காலையில் போட்ட வெள்ளைச் சட்டையை இன் செய்து, நான் கம்பெனி ஆபீசர் மாதிரி இருந்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றீர்கள்.

"சார், மன்னிச்சுக்குங்க" என்றீர்கள். "சட்டை மாறிப்போச்சு. அதான் லேட்டு."

நான் உங்கள் மகன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முந்தின நாள் நான் ஒரு விநாடி எடுத்துக்கொண்டேன். உங்களுக்கு அன்று எத்தனை நேரம் வேண்டுமானாலும் ஆகட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். "பரவாயில்ல, உக்காருங்க" என்றேன். நீங்கள் உட்கார்ந்தீர்கள். ரயிலில் குரோம்பேட்டை தாண்டும்போது என் பெயரைச் சொல்லி, அம்மாவுக்குப் பழம் வாங்கவில்லையே என்றீர்கள்.

நான்கு சட்டைகளும் அன்று மதியமே பெரும்பாக்கம் போய்விட்டிருந்தன. ஷீபா அந்தச் சந்தைச் சட்டையை அவளே துவைத்து இஸ்திரி போட்டு வைத்தாள். நிச்சயத்துக்கு நீங்கள் அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தீர்கள். படப்பைப் பெரியப்பா உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். நீங்கள் ஒருமுறைகூடக் கழுத்தைத் திருகவில்லை.

ஒன்றே முக்கால் வருடம் கழித்து நீங்கள் போனீர்கள். சித்தப்பாவும் மற்றவர்களும் பெட்டிக்குள் உங்களுக்குக் கோட்டு சூட்டு போடவேண்டும் என்றார்கள். மரியாதையாக அனுப்பவேண்டும் என்றார்கள். நான் விசுவாசி, அப்பா, ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவன். ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு இருந்தது ஒரே பயம்தான். அங்கே அம்மா உங்களைக் கோட்டில் பார்த்துவிட்டு, யாரோ பெரிய மனிதர் என்று டீக்கடை மணி மாதிரி விட்டுவிட்டால் என்ன செய்வது? சித்தப்பாவிடம் இதைச் சொல்ல முடியுமா? கோட்டு போடலாம், உள்ளே அந்தச் சந்தைச் சட்டைதான் என்று மட்டும் பிடிவாதமாக நின்றேன். பொத்தானைக் கீழிருந்து மேலாக நானே போட்டேன். அதற்குப் பிறகும் அந்தப் பயம் முழுசாகப் போகவில்லை.

இப்போது காலை நேரங்களில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. ஹெலன் கடைக்குக் கிளம்பினால் வாசல்வரை போய்ப் பார்க்கிறேன். பாசி நிறச் சேலை, கறுப்புக் கரை. ஷீபா இங்கே வந்து தங்கும் நாட்களில் மஞ்சள் குர்தா, வெள்ளை துப்பட்டா. மாப்பிள்ளையை நீலக் கட்டம் என்று மனதுக்குள் எழுதிக்கொள்கிறேன். அவர்கள் திரும்பி வந்ததும் அழித்துவிடுகிறேன். என்ன அப்படிப் பார்க்கிறீர்கள் என்று ஹெலன் கேட்டால் சேலை நன்றாக இருக்கிறது என்பேன். அவளுக்குச் சந்தோஷம்.

இன்னொன்றையும் உங்களிடம் மட்டும் சொல்கிறேன். சென்ற மாதம் கேம்ப் ரோடு சிக்னலில் பைக்கில் நின்றேன். பச்சை விழுந்தது. எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று தெரியவில்லை. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். வண்டியை ஓரங்கட்டி நின்றேன். இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிட்டது. வேலைக் களைப்பாக இருக்கும். இந்த வயதில் யாருக்கும் வரும். டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன், இரண்டு முறை தள்ளிப்போட்டும் விட்டேன். ஆனால் அந்த வாரமே போய் ஒரே நீலத்தில் ஐந்து சட்டைகள் தைத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு ஷீபா வந்திருந்தாள். ஏதோ எடுக்க என் அலமாரியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஐந்து நீலமும் வரிசையாகத் தொங்கின. நான் ஏதாவது சாக்குச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கண் கலங்கவில்லை. பேச்சில் அவசரமும் இல்லை.

"இனிமே இதுதானே போடுவீங்க?"

"ஆமாம்மா."

"சரிப்பா. மாத்தாதீங்க."

ஒரு நீலத்தை எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லி, என்னை வாசலுக்கு அழைத்துப்போய், வெயில் படும்படி நிற்க வைத்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.